பிஎல்சிக்கு இப்போது மணி என்ன? ஆலைக் கருவிகளில் நேரம் அமைப்பது பற்றி ஓர் அறிமுகம்

இரவு ஷிப்டில், பாட்டில் நிரப்பும் வரிசை ஒன்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் வரும் பராமரிப்புப் பொறியாளர் பதிவுகளை எடுத்துப் பார்க்கிறார். கன்வேயர் நின்றது 02:14:07 என்கிறது, இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினியான பிஎல்சி. கன்வேயரின் மோட்டாரை ஓட்டும் டிரைவ், மிகைச்சுமையால் தான் ட்ரிப் ஆனது (பாதுகாப்புக்காகத் தானாக நின்றது) 02:16:31 என்கிறது. பாட்டில்களைச் சோதிக்கும் கேமராவோ, கடைசிப் படத்தை முந்தைய நாள் இரவு 20:44க்கு எடுத்ததாகச் சொல்கிறது. டிரைவ் ட்ரிப் ஆனதால் கன்வேயர் நின்றதா, வேறு காரணத்தால் பிஎல்சி கன்வேயரை நிறுத்தியதா? பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. எது முதலில் நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

பெரிய இடங்களுக்கும் இதே கதிதான். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு, எந்த மின் லைன் முதலில் விழுந்தது, எது அடுத்து விழுந்தது என்று வரிசைப்படுத்த ஆயிரக்கணக்கான பதிவுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பல பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே அதற்குக் காரணம். 2004இல் வெளிவந்த அறிக்கை, நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தனியாகவே ஒரு பரிந்துரை செய்தது.

கடிகாரம் ஏன் தவறுகிறது என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பெரும்பாலான கருவிகளுக்குள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் கருவி நேரத்தைக் கணக்கிடுகிறது. சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை வரலாம். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி. மே மாதத்தில் மூடிய பேனலுக்குள் ஏறும் வெப்பம் இந்தப் பிழையை மேலும் கூட்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் எதிரெதிர்த் திசையில் விலகினால் ஆறு மாதத்தில் பத்து நிமிட வித்தியாசம் வந்துவிடும்.

மின்சாரம் போனால் வருவது இன்னொரு தொல்லை. சில கருவிகளில் கடிகாரத்துக்கென்று பேட்டரி இருக்கும். சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்7-1200 போன்ற பிஎல்சிகளில் பேட்டரிக்குப் பதில், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் இருக்கிறது. அது சாதாரணமாக 20 நாள் அளவுக்குத்தான் கடிகாரத்தைக் காப்பாற்றும். ஒரு மாதம் மூடிக் கிடந்த ஆலையைத் திறந்து மின்சாரம் கொடுத்தால் தேதி தொடக்க நிலைக்குப் போயிருக்கும். அலாரம் பட்டியலில் 1970 ஜனவரி 1 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். பல மென்பொருள்கள் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. அந்தக் கருவிக்கு நேரம் தெரியவில்லை என்பதே அதன் பொருள்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் நேரம் அமைப்பது என்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. இந்தக் கணம் எது என்பதைக் கருவிக்குச் சரியாகத் தெரியப்படுத்துவது ஒன்று. அந்தக் கணத்தை இந்த ஊர் மனிதருக்கு எப்படிக் காட்டுவது என்று சொல்வது மற்றொன்று. முதல் வேலைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான யுடிசி நேரம். இரண்டாவதற்கு உள்ளூர் நேரம். நான் பார்த்தவரை, களத்தில் வரும் நேரக் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்கியதால் வந்தவை.

இந்திய நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது இது. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களைக் கொண்டு பராமரிக்கிறது. ஆக, சென்னையில் காலை 10:00 என்றால் யுடிசி 04:30. இரண்டும் ஒரே கணம். எழுதும் விதம்தான் வேறு.

முதல் வேலைக்கு வருவோம். கணத்தைக் கருவிக்குத் தெரியப்படுத்த ஆலைகளில் மிகப் பரவலாகப் பயன்படுவது, நெட்வொர்க் வழியே நேரம் கேட்டு வாங்கும் நெறிமுறையான என்டிபி. டெலாவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் வடிவமைத்தது. முதல் ஆவணம் 1985இல் வந்தது. இன்று புழங்கும் நான்காம் பதிப்பின் ஆவணம் 2010இல் வந்தது. சிறிய கருவிகளில் இதன் எளிய வடிவமான எஸ்என்டிபி இருக்கும். இரண்டும் யுடிபி 123 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசல் எண்ணில்தான் பேசுகின்றன.

கருவி சர்வரிடம் மணி கேட்கிறது. பதில் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுமே, பதில் எப்படிச் சரியாக இருக்கும்? அதற்கான தந்திரம் அழகானது. பிஎல்சி தன் கடிகாரப்படி 10:00:00.000க்குக் கேள்வியை அனுப்புகிறது. அது வந்து சேர்ந்தபோது சர்வரின் கடிகாரத்தில் 10:00:02.030. சர்வர் பதிலை அனுப்பியது 10:00:02.040. பதில் கைக்கு வந்தபோது பிஎல்சியின் கடிகாரத்தில் 10:00:00.070. இப்போது பிஎல்சியிடம் நான்கு எண்கள் இருக்கின்றன. போய் வர மொத்தம் 70 மில்லி விநாடி. அதில் சர்வருக்குள் கழிந்தது 10. ஆகவே வழியில் போனது 60. போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுத்திருந்தால் ஒரு பக்கத்துக்கு 30. கேள்வி கிளம்பி 30 மில்லி விநாடி கழித்துச் சேர்ந்தபோது சர்வரில் 2.030 என்றால், பிஎல்சி சரியாக 2 விநாடி பின்தங்கியிருக்கிறது.

இதில் ஒளிந்திருக்கும் அனுமானம், போக்கும் வரவும் சமம் என்பது. அப்படி இல்லாவிட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அப்படியே பிழையாகிவிடும். ஆலைக்குள்ளேயே உள்ள நெட்வொர்க்கில் இது சில மில்லி விநாடிக்கு மேல் போகாது. வெளியே இணையத்தில் உள்ள சர்வரைக் கேட்டால் எவ்வளவு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

என்டிபியில் படிநிலை உண்டு. அணுக் கடிகாரமோ ஜிபிஎஸ் ரிசீவரோ சுழியம். அதோடு நேரடியாக இணைந்த சர்வர் 1, அதைக் கேட்பது 2, இப்படி 15 வரை போகும். 16 என்றால் ‘எனக்கே நேரம் தெரியாது’ என்று பொருள். புதிதாக வருபவர்கள் அடிக்கடி விழும் குழி இங்கேதான் இருக்கிறது. அலுவலகத்தில் சும்மா கிடக்கும் ஒரு விண்டோஸ் கணினியை நேர சர்வராக்கி, அதன் ஐபி முகவரியைப் பிஎல்சியில் கொடுக்கிறார்கள். பிங் போகிறது (இணைப்பு இருக்கிறது), ஃபயர்வாலும் திறந்திருக்கிறது, ஆனால் பிஎல்சியின் நேரம் மட்டும் மாறவில்லை. அந்தக் கணினி வேறு எங்கிருந்தும் நேரம் வாங்காமல் தன் சொந்த மதர்போர்டு கடிகாரத்தையே நம்பிக் கொண்டிருந்தால், தான் ஒத்திசைவில் இல்லை என்றுதான் பதிலில் சொல்லும். ஒழுங்காக எழுதப்பட்ட கருவி அந்தப் பதிலை ஏற்காது. பிஎல்சியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அப்படியானால் நேரத்தை எங்கிருந்து வாங்குவது? ஒவ்வொரு பிஎல்சியையும் இணையத்துக்குத் திறந்துவிடுவது கூடவே கூடாது. ஆலை நெட்வொர்க்குக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில் ஒரு நேர சர்வர் இருக்கட்டும். அது மட்டும் வெளியிலிருந்தோ, கூரையில் ஆன்டெனா வைத்த ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்தோ நேரம் வாங்கட்டும். உள்ளே இருப்பவை எல்லாம் அதனிடம் கேட்கட்டும். சிறிய ஆலைக்கு, என்டிபி சர்வராக இயங்கக்கூடிய தொழிற்சாலை ரூட்டர் ஒன்றே போதும். இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கணினி அமைப்புகள் தேசிய தகவலியல் மையத்தின் சர்வர்களோடோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடோ, அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடோ நேரத்தை ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. ஆகவே மூலத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பிஎல்சியில் செய்ய வேண்டியது சில நிமிட வேலைதான். எஸ்7-1200, எஸ்7-1500 என்றால் வன்பொருள் அமைப்பில் நேர ஒத்திசைவுப் பகுதிக்குப் போய் என்டிபியைத் தேர்ந்து, நான்கு சர்வர்கள் வரை முகவரி தரலாம். எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். இன்னொரு பக்கத்தில் நேர மண்டலம் இருக்கும். இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருப்பது தற்செயல் அல்ல, மேலே சொன்ன இரண்டு வேலைகள்தான் அவை. நிரலுக்குள்ளும் அப்படியே. ஆர்டி_சிஸ்_டி என்ற கட்டளை யுடிசியைத் தருகிறது, ஆர்டி_லோக்_டி உள்ளூர் நேரத்தைத் தருகிறது. ராக்வெல் நிறுவனத்தின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் பிஎல்சியிலும் யுடிசிக்கு ஒன்று, உள்ளூர் நேரத்துக்கு ஒன்று என இரண்டு தனி மதிப்புகளைப் படிக்கலாம். பெயர் எதுவாக இருந்தாலும் உங்கள் கருவியின் கையேட்டில் முதலில் தேட வேண்டியது இந்த இரட்டையைத்தான்.

என்டிபி சர்வர் நேர மண்டலம் எதையும் அனுப்புவதில்லை, வெறும் யுடிசியை மட்டுமே தருகிறது. ‘சர்வரில் இந்திய நேரம் வைத்திருக்கிறோம், பிஎல்சியில் ஏன் தப்பாக வருகிறது’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இதை அறியாத சிலர், திரையில் மணி சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யுடிசி இருக்க வேண்டிய இடத்தில் இந்திய நேரத்தைக் கையால் அடித்து வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் நல்ல எண்ணத்தில் என்டிபியை இயக்குவார். எல்லாப் பதிவுகளும் ஐந்தரை மணி நேரம் பின்னால் குதிக்கும்.

உள்ளூர் நேரமாக மாற்றுவது எங்கே நடக்க வேண்டும்? சேமிப்பது எல்லாம் யுடிசியில் இருக்க வேண்டும். மாற்றம் மனிதக் கண்ணுக்கு மிக அருகில், ஒரே ஒரு இடத்தில் நடக்க வேண்டும். கருவிகளும் மென்பொருள்களும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொதுத் தரமான ஓபிசி யுஏ, தரவோடு சேர்க்கும் நேர முத்திரைகளை யுடிசியில்தான் வைத்திருக்கிறது. பிஎல்சி உள்ளூர் நேரத்தை ஒரு சாதாரண எண்ணாக அனுப்ப, அதை யுடிசி என்று நம்பி, ஆலையைக் கண்காணிக்கும் மென்பொருளான ஸ்காடா மீண்டும் ஐந்தரை மணியைக் கூட்ட, காலை 8 மணிக்கு வந்த அலாரம் மதியம் 1:30 என்று பதிவாகும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது. நேரத்தை எழுத்தாக அனுப்ப வேண்டியிருந்தால் கடைசியில் +05:30 என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆறே குறிகள், எத்தனையோ சண்டைகளைத் தவிர்க்கும்.

சேமிப்பு யுடிசியில் என்றவுடன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யுடிசி நள்ளிரவு என்பது நமக்குக் காலை 5:30. பல ஆலைகளில் இரவு ஷிப்ட் காலை 6 மணிக்கு முடிகிறது. தினசரிக் கோப்பை யுடிசி தேதிப்படி வெட்டும் மென்பொருள், இரவு ஷிப்டின் கடைசி அரை மணி நேர உற்பத்தியை அடுத்த நாள் கோப்பில் போட்டுவிடும். எண்ணிக்கையில் குறைவது ஷிப்டின் பதினாறில் ஒரு பங்கு. பளிச்சென்று தெரியாது, ஆனால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். சேமிப்பு யுடிசியாகவே இருக்கட்டும். அறிக்கை மட்டும் ஷிப்ட் எல்லையை உள்ளூர் நேரத்தில் கணக்கிட்டு, அதை யுடிசியாக மாற்றித் தேடட்டும்.

கோடைக் கால நேர மாற்றம் இந்தியாவில் இல்லை என்பதால் நாம் பிழைத்தோம். ஆனால் கோயம்புத்தூரில் செய்த இயந்திரம் ஜெர்மனிக்குப் போகிறது என்றால் தப்ப முடியாது. அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணி ஆனதும் கடிகாரம் 2 மணிக்குத் திரும்பும். 2:50க்கு பம்ப் ட்ரிப், அடுத்த வரியில் 2:10க்கு வால்வு மூடியது என்று பட்டியல் சொல்லும். வால்வு மூடியதால் பம்ப் நின்றதாகப் படித்துவிடுவோம், நடந்ததோ தலைகீழ். யுடிசியில் அதே இரண்டு நிகழ்வுகளும் 00:50, 01:10 என்று ஒழுங்காக நிற்கும். அரசுகள் விதியை மாற்றவும் செய்யும். அமெரிக்கா 2007இல் கோடை நேரத்தின் தொடக்க, முடிவு நாட்களை மாற்றியபோது, பழைய விதியை உள்ளேயே பொறித்து வைத்திருந்த கருவிகள் ஆண்டில் சில வாரங்கள் ஒரு மணி நேரம் தவறின. இலங்கை 2006 ஏப்ரலில் ஆறு மணி நேர வித்தியாசத்திலிருந்து மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அதற்கு முந்தைய மென்பொருள் உள்ள எச்எம்ஐ எனப்படும் பழைய இயக்குபவர் திரையில் கொழும்பு என்று தேர்ந்தால் அரை மணி தவறலாம். அங்கே சென்னையைத் தேர்ந்துவிடுவது எளிய வழி.

லினக்ஸ் அடிப்படையிலான ரூட்டர்களிலும் கேட்வேக்களிலும் விசித்திரமான ஒரு மரபு உண்டு. நேர மண்டலத்தை எழுத்தாகக் கொடுக்கும் பழைய பாசிக்ஸ் முறையில் கூட்டலும் கழித்தலும் தலைகீழ். யுடிசிக்கு முன்னால் இருக்கும் இந்திய நேரத்தை ‘ஐஎஸ்டி-5:30’ என்று கழித்தல் குறியோடுதான் ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். பார்த்தால் தப்பு போலத் தோன்றும், திருத்தினால்தான் தப்பாகும்.

பிழையின் அளவைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். நேரம் சரியாக 5:30 மணி பின்தங்கினால் நேர மண்டலம் அமைக்கப்படவில்லை. 5:30 முந்தினால் இருமுறை கூட்டப்பட்டிருக்கிறது. 11 மணி நேரம் பின்தங்கினால் மேலே சொன்ன குறி தலைகீழாகிவிட்டது. சரியாக 18 விநாடி முந்தினால் ஜிபிஎஸ் நேரம் யுடிசியாக மாற்றப்படாமல் வந்திருக்கிறது. 37 விநாடி என்றால், லீப் விநாடி சேர்க்காமல் அணுக் கடிகாரங்கள் எண்ணும் அணு நேரம் அப்படியே வந்திருக்கிறது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக 1972 முதல் 2016 இறுதி வரை யுடிசியில் சேர்த்த லீப் விநாடிகளால் வந்த இடைவெளிகள் இவை; 37இல் மட்டும், 1972 தொடக்கத்திலேயே இருந்த 10 விநாடி வித்தியாசமும் அடங்கும். தேதி 19 ஆண்டு 7 மாதம் பின்னால் போயிருந்தால் ஜிபிஎஸ் ரிசீவரைச் சந்தேகியுங்கள். பழைய ரிசீவர்கள் வார எண்ணை 1,024 வரைதான் எண்ணி மறுபடி தொடங்கும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படி எண்ணிக்கை சுழன்றபோது நியூயார்க் மாநகரின் சொந்த வயர்லெஸ் நெட்வொர்க்கே முடங்கியது. இந்தக் குறிப்பிட்ட எண்கள் எதிலும் அடங்காமல், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் பிழை என்றால் ஒத்திசைவே நடக்கவில்லை. படிகம் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

தவறிய கடிகாரத்தைத் திருத்துவதிலும் கவனம் வேண்டும். கணினிகளில் இயங்கும் வழக்கமான என்டிபி மென்பொருள், பிழை 128 மில்லி விநாடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிசெய்யும். அதற்கு மேல் என்றால் ஒரே தாவாகத் தாவும். 1,000 விநாடியைத் தாண்டினால் ஏதோ பெரிய தவறு என்று கையை விரித்துவிடும். 1970இலிருந்து எழுந்திருக்கும் கருவியில் முதல் முறை மட்டும் தாவ அனுமதிக்கும்படி தனியே சொல்லி வைக்க வேண்டும். பல பிஎல்சிகள் இந்த நாசூக்கெல்லாம் பார்க்காமல் நேரடியாகத் தாவுகின்றன.

தாவினால் நிரலுக்கு என்ன ஆகும்? ‘மணி 06:00:00க்குச் சமமானால் கழுவும் சுழற்சியைத் தொடங்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். 05:59:59இலிருந்து கடிகாரம் 06:00:01க்குத் தாவினால் அன்று கழுவல் நடக்காது. பின்னோக்கித் தாவினால் இரண்டு முறை நடக்கும். ஆறு மணி ஆகிவிட்டதா, இன்றைக்கு ஏற்கெனவே செய்தாயிற்றா என்ற இரண்டு கேள்விகளையும் நிரல் கேட்க வேண்டும். கால அளவைக் கணக்கிடும்போது கடிகார நேரத்தைக் கழித்துப் பார்க்காமல் டைமரைப் பயன்படுத்துங்கள். சுவர்க் கடிகாரம் தாவினாலும் டைமரின் எண்ணிக்கை மாறாது.

என்டிபி போதாத இடங்களும் உண்டு. பல மோட்டார் அச்சுகள் ஒரே தாளத்தில் நகர வேண்டிய இயந்திரங்கள், மின் துணை நிலையங்களின் அளவீடுகள் போன்றவற்றுக்கு மைக்ரோ விநாடித் துல்லியம் வேண்டும். அங்கே ஐஇஇஇ 1588 எனப்படும் துல்லிய நேர நெறிமுறையான பிடிபி வருகிறது. 2002இல் முதலில் வெளியானது. நேர முத்திரையை மென்பொருள் இடாமல் நெட்வொர்க் வன்பொருளே இடுவதில்தான் அதன் துல்லியம் இருக்கிறது. ஆகவே நடுவில் உள்ள சுவிட்சுகளும் பிடிபி அறிந்தவையாக இருக்க வேண்டும். சந்தையில் கிடைத்த சாதாரண சுவிட்சை இடையில் செருகினால் காசு கொடுத்து வாங்கிய துல்லியம் அங்கேயே போய்விடும். பிடிபி அணு நேரத்தைச் சுமந்து, யுடிசிக்கான வித்தியாசத்தைத் தனியே அறிவிக்கிறது. அதைக் கவனிக்காத கருவிதான் 37 விநாடி முந்துகிறது. வெறும் அலாரம் பதிவுக்கும் உற்பத்தி அறிக்கைக்கும் பிடிபி கேட்பவர் விற்பனையாளராக இருக்க வாய்ப்பு அதிகம். என்டிபியே தாராளம்.

நேரத்தைப் பாதுகாப்போடு பிணைக்கும் சங்கிலி ஒன்று இருக்கிறது. ஓபிசி யுஏ இணைப்பில் இரு தரப்பும் மற்றதன் டிஜிட்டல் அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்கின்றன; சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பேட்டரி தீர்ந்து 1970க்குப் போன கருவியின் கண்ணில் இன்றைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை. இணைப்பு மறுக்கப்படும், நாம் கேபிளையும் கடவுச்சொல்லையும் சந்தேகித்துக் கொண்டிருப்போம். இணைப்பு திடீரென்று மறுக்கப்பட்டால் முதலில் இரு பக்கத்துத் தேதியையும் பாருங்கள்.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு சோதனை. எச்எம்ஐயில் ஏதேனும் ஒரு அலாரத்தை வேண்டுமென்றே வரவழையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பை இயந்திரம் ஓடாதபோது அழுத்தினாலே போதும். அந்த ஒரே நிகழ்வுக்குப் பிஎல்சியின் டயக்னாஸ்டிக் பஃபர் (அதன் உள் நிகழ்வுப் பட்டியல்), எச்எம்ஐ, ஸ்காடா, டேட்டாபேஸ் ஆகிய நான்கிலும் என்ன நேரம் எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீமென்ஸின் நிரலாக்க மென்பொருளான டிஐஏ போர்ட்டலில் பஃபரைப் பார்க்கும்போது, நேரத்தை உங்கள் லேப்டாப்பின் உள்ளூர் நேரத்தில் காட்டும் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால் பிஎல்சியின் நேர மண்டலம் தப்பாக இருந்தாலும் திரையில் சரியாகவே தெரியும். டிக்கை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்து, ஒத்திசைவு தானாக மீள்கிறதா என்று பாருங்கள். நேர சர்வரின் கேபிளையும் கழற்றிப் பாருங்கள். ஒத்திசைவு போய்விட்டது என்று யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றால், அந்த அலாரத்தையும் எழுதிச் சேர்த்த பிறகே வேலையை ஒப்படையுங்கள்.